சாமி ஊர்ல இல்லாத மேடு

எங்கம்மா அந்த மலைய ஒரு தடவ கூட மலைன்னு சொல்லல. மேடுன்னுதான் சொல்லிச்சி. கழுத்து வலிக்க நிமிந்து பாத்தாலும் உச்சி தெரியாது. பாதி பனிக்குள்ள, பாதி மேகத்துக்குள்ள. வேன்ல இருந்து எறங்கி, சால்வைய காதுல இருந்து தூக்கிட்டு, "இந்த மேடுதானா?"ன்னு கேட்டுச்சி பாருங்க, எங்கள கூட்டிக்கினு வந்த லீடரு தண்ணி குடிச்சிக்கினு இருந்தவரு, பொற ஏறிடுச்சி.

மேடுன்னு சொன்னதுக்குக் காரணம் இருக்குது. எங்க வீட்ல சாவு விழுந்துடுச்சி. போனது எங்கண்ணன். தடா ஹைவேல, பைக்ல, ஷிப்ட் முடிச்சிட்டு வரும்போது. அதுக்கு மேல அதப்பத்தி எழுத எனக்கு வராது, வுட்டுடறேன். எங்க சத்தியவேடு பக்கம் சாவு விழுந்த வீட்டுக்காரங்க வருஷம் திரும்பற வரைக்கும் மலை ஏறக்கூடாது. மலைன்னா எங்களுக்கு திருப்பதி மலைதான். மத்தபடி எங்கியும் போகலாம், சினிமாக்கு கூட போகலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மலை மட்டும் கூடாது.

கூடாதுன்னா கூடாதுன்னு அம்மா சும்மா இருந்திருக்கும். ஆனா அண்ணன் ஒரு வேண்டுதல் வெச்சிருந்தான். ஸ்ரீசிட்டி கம்பெனில வேல பர்மனென்ட் ஆச்சின்னா திருப்பதி அடிவாரம் அலிபிரியில இருந்து மேல வரைக்கும் படி படிக்கு மஞ்சள் குங்குமம் வெக்கறேன்னு. மூவாயிரத்தி ஐநூத்தி சொச்சம் படி. குனிஞ்சி வெச்சி நிமிரணும், மறுபடி குனியணும். வேல பர்மனென்ட் ஆச்சி. அண்ணன் அடுத்த மாசம் போறேன்னான். அப்புறம் அடுத்த மாசம்னான். அப்படியே போய்ட்டான்.

அம்மாவுக்கு அதுதான் தாங்கல. தட்டுல சோறு போட்டுக்கினு ஒக்காரும். ரெண்டு வாய் துன்னும். அப்புறம், "அவன் இன்னும் அலிபிரி கேட்டாண்டதான்டி நின்னுக்கினு இருப்பான். வெச்ச வேண்டுதல முடிக்காம மேல போவ வுடுவாங்களா?"ன்னும். அதோட தட்டு தள்ளிடும். ஆறு மாசம் இப்படியே. ஜாக்கெட் எல்லாம் தோள்ல இருந்து நழுவுது. அந்த வருஷம் எங்க வீட்ல பொங்கலும் இல்ல.

அண்ணனுக்கு லீவு நாள்ல இன்னொரு வேல இருந்திச்சி. சென்னைல இருந்து வர்ற ட்ரெக்கிங்காரங்கள நாகலாபுரம் மலைக்குள்ள வழி காட்டி கூட்டிக்கினு போவான். அந்த குரூப்பு லீடருதான் மார்கழில ஒரு நாள் வீட்டுக்கு வந்தாரு. வந்து, ஷூவ கழட்டாம வாசல்லயே நின்னுக்கினு, வடக்க பனிமலைக்கு நடக்கப் போற ட்ரெக்குல அண்ணன் ரெண்டு சீட்டு சொல்லி வெச்சிருந்தான்னு சொன்னாரு. ஒண்ணு அவனுக்கு. ஒண்ணு எனக்கு. எனக்கு சொல்லவே இல்ல, நாயி. நான் எட்டாவதோட நின்னவ, கம்பெனில லைன்ல நின்னுக்கினு ஒயர் சொருகறவ. பனி நான் பாத்தது வீட்டு பிரிட்ஜ்ல மட்டும்தான்.

"ரெண்டு சீட்டும் அப்படியே இருக்கு. யாராவது வர்றீங்களா?"ன்னு கேட்டாரு.

நைனா, அதான் எங்கப்பா, மாட்ட யார் பாக்கறதுன்னாரு. நான் அழுதுக்கினு இருந்தேன். உள்ள இருந்து அம்மா, "அவன் சீட்ல நான் போறேன்"ன்னிச்சி.

லீடரு என்னப் பாத்தாரு. "ஆன்ட்டிக்கு மலை ஏறி பழக்கம் இருக்கா?"

"என்னா கேட்டீங்க? வயித்துல அவன வெச்சிக்கினு ஒரு தடவ ஏறினேன் திருப்பதி. இடுப்புல இவள வெச்சிக்கினு ஒரு தடவ. இவ அப்ப குண்டு வேற."

பெரியப்பாதான் குறுக்க வந்தாரு. வருஷம் திரும்பலியே, மலை ஏறலாமா, அங்கியும் உச்சில கோயில் இருக்குதாமேன்னு. ஒடனே எங்க ஊரு புள்ளையார் கோயில் ஐயருக்கு போன் போட்டோம், ஸ்பீக்கர்ல. லீடரு வெளக்கமா சொன்னாரு. உச்சில ஈஸ்வரன் கோயில் இருக்குது, ஆனா குளுரு காலத்துல கதவ மூடிடுவாங்க, சாமிய பல்லக்குல கீழ ஊருக்கு கூட்டிக்கினு வந்துடுவாங்க, பனி உருகினாதான் திரும்பி போவாரு. ஐயரு எல்லாத்தையும் கேட்டுக்கினாரு. அப்புறம், "சாமி கீழ எறங்கிட்டாரா? நிச்சயமா?"ன்னு கேட்டாரு. நிச்சயம்னாரு லீடரு. "அப்போ அது மலை இல்லம்மா. வெறும் மேடு. போய்ட்டு வா."

பெரியப்பா துண்ட தோள்ல போட்டுக்கினு கெளம்பிட்டாரு. அன்னைல இருந்து அது மேடு.

அண்ணன் ட்ரெக் ஷூ எட்டாம் நம்பரு. அம்மா காலு அஞ்சி. வேற ஷூ வாங்கலாம்னு லீடரு சொன்னாரு, அம்மா கேக்கல. அண்ணனோட கம்பளி சாக்ஸ் மூணு ஜோடி மேல மேல போட்டு, முன்னாடி பழைய பொடவய கிழிச்சி அடச்சி, வீட்டு வாசல்ல இருந்து மாட்டுக் கொட்டா வரைக்கும் நடந்து பழகிச்சி. மாடு மெரண்டுச்சி. கீழ பேன்ட்டு, அதுவும் அண்ணன்து. மேல ஸ்வெட்டரு, அதுக்கு மேல பொடவ. லீடரு பொடவ வேணாம்னாரு. "ஊரு தாண்டற வரைக்கும் இருக்கட்டும்"னிச்சி. ஊரு தாண்டி டெல்லி வந்தப்புறமும் பொடவ இருந்திச்சி. கடசில மேட்டுக்குக் கீழ தங்கின லாட்ஜ்லதான் அவுத்திச்சி. அண்ணன் பேன்ட்ல அம்மாவப் பாத்தப்ப எனக்கு சிரிப்பு வந்திச்சி, அப்புறம் பாத்ரூம் போய்ட்டு வந்தேன்.

காலைல நடக்க ஆரம்பிக்கற எடத்துல ஒரு கல்லு வளைவு. அம்மா அதப் பாத்து ரெண்டு கைய கூப்பிச்சி. அப்புறம் கீழ ஒக்காந்து ஷூவ அவுக்க ஆரம்பிச்சிடுச்சி.

"ம்மா, இன்னா பண்ற?"

"செருப்பு போட்டுக்கினா ஏறுவாங்க?"

தப்பு அம்மா மேல இல்ல. எங்களுக்கு வளைவு பாத்தா கை தானா செருப்புக்குப் போவும். அந்த ஊரு கைடு ஒருத்தரு, மூஞ்சி பூரா சுருக்கம், "மாதாஜி! நஹி! நஹி!"ன்னு ஓடி வந்தாரு. எனக்கு கம்பெனில பீகார் பொண்ணுங்க கூட நின்னு வந்த ஹிந்திதான். சீக்கிரம், சரக்கு இல்ல, சூப்பர்வைசர் வராரு, இவ்ளோதான் தெரியும். அத வெச்சே சமாளிச்சேன். சாமி இல்ல, பூட்டு, ஷூ ஓகேன்னு கைடு சொன்னத அம்மாவுக்கு சொன்னேன்.

"ஆமா இல்ல? மேடுதான"ன்னு அம்மா மறுபடி கட்டிக்கிச்சி.

அப்புறம் ஷூவுக்கு அடியில ஒண்ணு மாட்டினாங்க. ரப்பர் வளையம், அதுல சங்கிலி, சங்கிலில இரும்புப் பல்லு. ஐஸ்ல வழுக்காம கவ்வறதுக்கு. அம்மா கால தூக்கி தூக்கி பாத்திச்சி. "மாட்டுக்கு லாடம் அடிக்கற மாதிரி எனக்கு அடிச்சிட்டீங்களேப்பா." எங்க குரூப்புல கூட வந்த ஐடி கம்பெனி பசங்க எல்லாம் சிரிச்சாங்க. அவங்க ஏழு பேரு, ஒவ்வொருத்தரும் எங்கம்மா புள்ள வயசு.

பாத கல்லுப் பாத. படி வெச்சி கட்டினது. ஆனா மேல பனி விழுந்து, மிதிச்சி, உருகி, மறுபடி ஒறஞ்சி, கண்ணாடி மாதிரி. வெயிலு பட்டா கண்ணு கூசும். இரும்புப் பல்லு குத்தறப்ப கறுக் கறுக்குன்னு சத்தம், எதோ பெரிய மாடு கரும்பு துன்ற மாதிரி. நான் மொத பத்து நிமிஷத்துலயே ரெண்டு தடவ விழுந்தேன். அம்மா விழல. வரப்புல நடக்கற காலு அது. பனில கூட கட்ட வெரல ஊனி நடந்திச்சி.

கொஞ்ச தூரம் போய் திரும்பிப் பாத்தா அம்மா வரல. பின்னாடி குனிஞ்சிக்கினு இருக்குது. வயித்த புடிச்சிக்கினு குனியுதோன்னு பயந்து ஓடி, மூணாவது தடவ விழுந்தேன். அம்மா ஸ்வெட்டருக்குள்ள கை வுட்டு ஒரு கவர எடுத்திச்சி. குங்குமம். அர கிலோ இருக்கும். இன்னொரு டப்பால மஞ்சள கொழச்சி எடுத்துக்கினு வந்திருந்திச்சி, அது ஒறஞ்சி மஞ்சக் கல்லாயிடுச்சி. அத தூக்கி பைல போட்டுட்டு, வெறும் குங்குமத்த மூணு வெரல்ல எடுத்து ஐஸ் மேல வெச்சிச்சி.

எனக்குப் புரிஞ்சிச்சி. "ம்மா. இது திருப்பதி இல்லம்மா."

"தெரியும்."

"சாமியே இல்ல இங்க."

"படி இருக்குதில்ல? படிக்கு வெக்கறேன்னுதான வேண்டிக்கினான்."

"இது ஈஸ்வரன் மலை. அண்ணன் வேண்டிக்கினது பெருமாளுக்கு."

அம்மா நிமிந்து என்ன ஒரு பார்வ பாத்திச்சி, ஒண்ணும் தெரியாதவள பாக்கற மாதிரி. "ஈஸ்வரன் பெருமாளுக்கு இன்னா வேணும்?"

"மச்சான்."

"மச்சான் கையில குடுத்தா போய் சேராதா? நீ சென்னைல இருந்து வர்றவன் கிட்ட பார்சல் குடுத்து வுடறதில்ல?"

குங்குமத்த கொஞ்சம் என் கையிலயும் வாங்கிக்கினேன். எடது பக்கம் அம்மா, வலது பக்கம் நான். படி தெரியற எடத்துல படிக்கு. ஐஸ் மூடிக்கினு படி தெரியாத எடத்துல அம்மா ஷூ பல்லு குத்தின ஒவ்வொரு அடிக்கும் ஒண்ணு. காத்து வேற. நான் வெச்ச குங்குமத்துல பாதி முன்னாடி போற பையனோட வெள்ள ஜாக்கெட்டு முதுகுல போய் ஒட்டிக்கிச்சி. அவனுக்குத் தெரியாது. ஹோலி ஆடின மாதிரி போய்க்கினு இருந்தான்.

லீடருக்கு விஷயம் தெரிஞ்சி, அவரு தடுக்கல. அண்ணன அவருக்குத் தெரியும். கைடு மட்டும் கடியாரத்த தட்டி காட்டினாரு. மத்தியானத்துக்கு மேல மேகம் எறங்கிடும், பன்னெண்டுக்குள்ள உச்சி தொடணும், இல்லன்னா எங்க இருந்தாலும் திருப்பிடுவேன்னாரு. நாங்க குனிஞ்சி குனிஞ்சி போற வேகத்துக்கு சாயங்காலம் ஆவும். அம்மா மெல்ல எண்ணிக்கினே வந்திச்சி. இருநூத்தி எம்பது, இருநூத்தி எம்பத்தி ஒண்ணு. மூச்சு புகை மாதிரி வாயில இருந்து வந்திச்சி.

நானூறு தாண்டினப்ப என்னால அடக்க முடியல. யாருக்கும் சொல்லாதது ஒண்ணு எங்கிட்ட இருந்திச்சி.

"ம்மா, வேல பர்மனென்ட் ஆன வருஷம் அண்ணன் ஒரு சனிக்கெழம கெளம்பினான்."

"எங்க?"

"படிக்கு. குங்குமம் எல்லாம் வாங்கி வெச்சிட்டான். என்னயும் கூப்ட்டான். பஸ்ல திருப்பதி வரைக்கும் போய்ட்டோம். நான்தான் காலு வலிக்குது, அடுத்த மாசம் போலாம், இன்னைக்கி சும்மா சுத்தலாம்னேன். அவன் சரின்னுட்டான். பிரியாணி துன்னுட்டு வந்துட்டோம். நான் மட்டும் அன்னைக்கி வரேன்னு சொல்லியிருந்தா..."

கையில குங்குமம், கண்ண தொடைக்கக் கூட முடியல. அம்மா குனிஞ்சதுல இருந்து நிமிந்திச்சி. நான் அடி வாங்க ரெடியா இருந்தேன்.

"சனிக்கெழமையா?"

"ம்."

"சனிக்கெழம பிரியாணி துன்னீங்களா?"

"ம்மா..."

"எந்த மாசம்?"

சொல்லாம இருந்திருக்கலாம். "பொரட்டாசி."

"ஓசி ராமா!"ன்னு தெலுங்குல ஆரம்பிச்சிடுச்சி. எங்கம்மாவுக்கு கோவம் வந்தா தெலுங்குதான். பொரட்டாசி சனிக்கெழம, திருப்பதில, மலைக்குக் கீழயே ஒக்காந்துக்கினு, அண்ணனும் தங்கச்சியும் கோழி துன்னீங்களா, வெக்கம் இல்லியா, பெருமாளு மேல இருந்து பாத்துக்கினு இருந்திருப்பாரேன்னு அந்த பனி பூரா எதிரொலிக்குது. வேண்டுதல தள்ளிப் போட்டத பத்தி ஒரு வார்த்த இல்ல. எல்லாம் கோழி பத்திதான். திட்டி முடிச்சி, மூச்சு வாங்கிட்டு, "நல்லா இருந்திச்சா?"ன்னு கேட்டுச்சி.

"இன்னாது?"

"பிரியாணி."

"அவன் ரெண்டு துன்னான்."

"துன்னுவான், துன்னுவான்"ன்னு சொல்லிட்டு அடுத்த படிக்கு குனிஞ்சிச்சி.

அப்பதான் கீழ இருந்து ஒரே சத்தம். விசில் ஊதறாங்க. நாலஞ்சி பேரு ஐஸ்ல விழுந்து எழுந்து ஓடி வராங்க. வேற எதோ குரூப்பு. முன்னாடி ஒரு பொண்ணு, செகப்பு பிளஸ் போட்ட பொட்டிய தூக்கிக்கினு, "ஹூ இஸ் ஹர்ட்? ஹூ இஸ் ஹர்ட்?"னு கத்திக்கினு. பின்னாடி ரெண்டு பேரு மடக்கற ஸ்ட்ரெச்சரு.

அவங்க கீழ இருந்தே செகப்பு செகப்பா பாத்துக்கினு வந்திருக்காங்க. வெள்ள பனில, அடிக்கு ஒரு சொட்டு, ரெண்டு பக்கமும். யாரோ ரத்தம் சொட்ட சொட்ட மேல போறாங்கன்னு நெனச்சிட்டாங்க. எங்க வெள்ள ஜாக்கெட்டு பையன் முதுகுல வேற செகப்பு. அந்தப் பொண்ணு பொட்டிய தொறந்து வெச்சிட்டு நேரா அவன் ஜாக்கெட்ட தூக்கிட்டா. அவன் பயந்து கத்தறான், அவ பயந்து கத்தறா, கைடு தலைல கை வெச்சிக்கினு ஐஸ்லயே ஒக்காந்துட்டாரு.

லீடரு இங்கிலீஷ்ல வெளக்கினாரு. ரத்தம் இல்ல, பூஜைன்னு நான் கம்பெனி ஹிந்தில வெளக்கினேன். "கூன் நஹி, பூஜா." அந்தப் பொண்ணு கீழ குனிஞ்சி, வெரல்ல தொட்டு, மோந்து பாத்தா. அவங்க எல்லாம் மூச்சு எறைக்க எங்கம்மாவ பாக்கறாங்க. திட்டப் போறாங்கன்னு நெனச்சேன். அம்மா நேரா அந்தப் பொண்ணு கிட்ட போய், நெத்தில ஒரு பொட்டு வெச்சிச்சி. அப்புறம் ஸ்ட்ரெச்சரு தூக்கினவங்களுக்கும். வெச்சிட்டு, "எம்புள்ளைக்காக ஓடி வந்தீங்களேப்பா"ன்னு தமிழ்லயே சொல்லிச்சி. அவங்களுக்கு ஒண்ணும் புரியல. ஆனா மண்டய ஆட்டினாங்க. எங்கம்மா அந்தப் பையன் ஜாக்கெட்ட அவ தூக்கின கதைய நெனச்சிக்கினு, வாய பொத்திக்கினு, தோளு குலுங்க சிரிச்சிச்சி. அண்ணன் போனதுக்கப்புறம் அந்த சிரிப்ப நான் அன்னைக்கிதான் கேட்டேன்.

அந்த கலாட்டால அர மணி நேரம் போச்சி. பொட்டு வெச்சதுல குங்குமமும் கொறஞ்சி போச்சி. கவரு அடில ஒரு கை அளவு. கடியாரம் பதினொண்ணு. கைடு மேல கை காட்டினாரு, இன்னும் இவ்ளோ இருக்குதுன்னு. பாத வளைஞ்சி வளைஞ்சி போவுது, உச்சி கோயில் கல்லு கோபுரம் துண்டா தெரியுது. அம்மா கவர பாத்திச்சி, உச்சிய பாத்திச்சி. மூஞ்சி பழயபடி ஆயிடுச்சி. "பாதிலயே நிக்கப் போறான்டி மறுபடி"ன்னிச்சி.

அப்ப ஒண்ணு ஞாபகம் வந்திச்சி.

"ம்மா, அண்ணன் எப்படி படி ஏறுவான்?"

"எப்படி ஏறுவான், எரும மாதிரி..." பாதிலயே நிறுத்திச்சி.

சின்ன வயசுல இருந்து அவன் ரெண்டு ரெண்டு படியாதான் ஏறுவான். திருப்பதில கூட. அம்மா கீழ இருந்து கத்தும், ஒவ்வொரு படியா ஏறுடா, புண்ணியம் பாதிதான் வரும்டான்னு. அவன் மேல போய் ஒக்காந்துக்கினு எங்களுக்கு கை ஆட்டுவான்.

அம்மா கவர மறுபடி பாத்திச்சி. "வேண்டுதல் யாருது?"ன்னு என்ன கேட்டுச்சி.

"அவனுது."

"அப்ப அவன் கணக்கு. ரெண்டு படிக்கு ஒண்ணு வெய்யி. கிள்ளி வெய்யி, அள்ளி வெக்காத."

அப்புறம் புடிச்சிச்சி வேகம். அண்ணனோட எட்டாம் நம்பரு ஷூல, மூணு சாக்ஸ்ல, எங்கம்மா ரெண்டு ரெண்டா எகிறிச்சி. லாடம் கறுக்கு கறுக்குன்னுது. கைடு "சபாஷ் மாதாஜி"ன்னாரு. ஐடி பசங்கள தாண்டிடுச்சி. நான் நாக்கு தள்ளி பின்னாடி போனேன். எண்ணறத எப்ப வுட்டுதுன்னு எனக்குத் தெரியாது.

கோயிலு வாசக்கதவு பாதி வரைக்கும் பனி. பெரிய பூட்டு. யாரும் இல்ல. மணி கூட துணி சுத்தி கட்டியிருந்தாங்க. கடசி படி மேல அம்மா கவர தலகீழா ஒதறிச்சி. ஒரு சிட்டிக விழுந்திச்சி. கையெடுத்துக் கும்புட்டு, பூட்டின கதவ பாத்து, "முடிஞ்சிதுப்பா. மச்சான் கிட்ட சொல்லிடு"ன்னிச்சி. அப்புறம் வேற பக்கம் திரும்பி, யாரும் இல்லாத எடத்த பாத்து, கொரல தாழ்த்தி, "முடிஞ்சிதுடா. போ. மேல போ"ன்னிச்சி. நான் என் ஷூ லேஸ கட்டினேன். அது கட்டிதான் இருந்திச்சி.

அப்புறம் பசிக்குதுன்னிச்சி. லாட்ஜ்ல கெஞ்சி கூத்தாடி கிளறி எடுத்துக்கினு வந்த புளி சோறு, டப்பால செங்கல்லு மாதிரி ஒறஞ்சி கெடந்திச்சி. அம்மா அத கல்லுல தட்டி ஒடச்சி, வாயில போட்டு ஊற வெச்சி துன்னுச்சி. கைடுக்கும் ஒரு துண்டு. அவரு கடிச்சி பாத்துட்டு கன்னத்த புடிச்சிக்கினாரு. அம்மா டப்பாவ வழிச்சிட்டு, "இன்னும் இருக்குதா?"ன்னு எங்கிட்ட கேட்டுச்சி. என் பங்க அப்படியே குடுத்துட்டேன்.

மேகம் எறங்க ஆரம்பிச்சிடுச்சி. எறங்கற வழில ஒரு எடத்துல பாதைக்குப் பக்கத்துல புது பனி, மெத்து மெத்துன்னு சரிவு. கைடு, இங்க நடக்க வேணாம், ஒக்காந்து சறுக்கிக்கினு போய்டலாம், கீழ தட்டையா இருக்குதுன்னு காட்டினாரு. ஐடி பசங்க ஒவ்வொருத்தரா போனாங்க. எனக்கு பயம், நின்னுக்கினு இருந்தேன். அம்மா ஒக்காந்திச்சி. வழி பூரா குங்குமக் கைய பின்னாடி பேன்ட்லயே தொடச்சிக்கினு வந்திருக்குது, அது அம்மாவுக்கே தெரியாது.

"ம்மா, வேணாம்மா!"

"மேடுதானடி"ன்னுட்டு, கைய வுட்டுடுச்சி.

பாதி சரிவுல "டேய்ய்ய்"ன்னு ஒரு கத்தல். அண்ணன் மேல படில இருந்து கை ஆட்டறப்ப கீழ இருந்து கத்துமே, அதே டேய். எந்த பையன சொல்லிச்சோ. நானும் கண்ண மூடிக்கினு ஒக்காந்து வுட்டேன்.

கீழ போய் பனில இருந்து மூஞ்ச தூக்கிப் பாத்தா, எங்கம்மா எழுந்து நின்னு பேன்ட்ட தட்டிக்கினு இருக்குது. சறுக்கின தடம் பூரா மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு செகப்பு கோடு. பாதையில அந்த பிளஸ் பொட்டி பொண்ணு, நெத்தில பொட்டோட, எங்கம்மா பின்பக்கத்த பாத்துட்டு, அந்த கோட்ட பாத்துட்டு, மறுபடி பொட்டிய தொறக்கறா.